சாக்பீஸில் எழுதிய எடை

மோசஸுக்கு வலி இடுப்பின் இடது பக்கத்தில் ஆரம்பிக்கும். காலை ஆறு மணிக்கு ஊசி குத்தியதுபோல இருக்கும். பத்து மணிக்குள் தொடை வழியாக முழங்காலுக்கு இறங்கிவிடும். ஷிப்டு முடிகிற இரண்டு மணிக்கு வலி எங்கே இல்லை என்று தேட வேண்டியிருக்கும். குனிந்தால் நிமிர்வதற்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் அவன் குனியாமலே வேலை செய்யப் பழகியிருந்தான்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி இருந்தது அந்த கேஸ் கம்பெனி. மணலியிலிருந்து டேங்கர் லாரியில் கேஸ் வரும். அதைப் பெரிய தொட்டியில் இறக்கி, அங்கிருந்து சிலிண்டர்களில் அடைத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். மோசஸ் அடைக்கிறவன். எழுபத்தாறாம் வருஷம் மே மாதம் அவனுக்கு அங்கே இருநூற்று முப்பத்தோராவது நாள். இன்னும் ஒன்பது நாள் வேலை செய்தால் இருநூற்று நாற்பது ஆகும். இருநூற்று நாற்பது நாள் முடித்தவனை பெர்மனென்ட் ஆக்கித்தான் தீர வேண்டும் என்று யூனியன்காரர் ஒருவர் டீக்கடையில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவன் மனைவி கிரேஸ் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு நாளை எண்ணிவந்தாள்.

அவன் அப்பன், ஊர் ரெட்டியார் ஒருவரின் களத்தில் மரக்கால் அளவில் கூலி வாங்கி, அந்த அளவிலேயே ஏமாந்தவர். மோசஸுக்கு அளவெல்லாம் இங்கிலீஷில் வந்தது. வெறும் சிலிண்டரின் எடை டேர். உள்ளே அடைக்கிற கேஸ் நெட், பதினைந்து கிலோ. இரண்டும் சேர்ந்தால் கிராஸ். காலி என்று திரும்பி வந்த சிலிண்டரில் கேஸ் மிச்சம் இருந்தால் அது ரெசிடுவல். அந்த மிச்சத்துக்கு டீலருக்குக் கம்பெனி கணக்கில் கழித்துக்கொடுப்பது கிரெடிட். குழாயிலும் காற்றிலும் போய்த் தொலைவது ஷிரிங்கேஜ். கையெழுத்து போடும் அளவுக்குத்தான் அவன் படித்தவன். ஆனால் இந்தச் சொற்களில் தப்பு வராது.

எல்லா சிலிண்டருக்கும் டேர் ஒன்றாக இருக்காது. பதினாறு கிலோவும் இருக்கும், பதினேழரையும் இருக்கும், அரிதாகப் பத்தொன்பதும் வரும். தலையில் இருக்கிற இரும்பு வளையத்தில் எண்ணை வெட்டியிருப்பார்கள். பெயின்டு மேல் பெயின்டு அடித்து அது மூடிப்போயிருக்கும். கண்ணை வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பெருவிரலால் தேய்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூற்று எண்பது சிலிண்டர். நானூற்று எண்பது தடவை குனிய யாராலும் ஆகாது. அதனால் கொட்டகையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிறவன் டேரைப் படித்துத் தோள்பக்கத்தில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிடுவான். அடைக்கிறவன் அதைப் பார்த்துத் தராசுக் கல்லை நகர்த்தி, பதினைந்தைக் கூட்டி, குழாயை மாட்டுவான். கடைசியில் சோதனைத் தராசில் நிற்கிறவனும் அதே சாக்பீஸ் எண்ணைத்தான் பார்ப்பான். மேலே யாருக்கும் இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தும் கேட்கவில்லை.

அன்றைக்கு வழக்கமாக உருட்டுகிறவன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக வரவுக் கொட்டகையிலிருந்து துலுக்காணத்தை அனுப்பியிருந்தார்கள். இருபத்தைந்து வயசு, மாடு மாதிரி வேலை செய்வான், பேச்சு நிற்காது. காலையிலிருந்து மோசஸை நைனா நைனா என்று கூப்பிட்டு, உன் இடுப்புக்கும் ஒரு சோப்புத் தண்ணி வெச்சிப் பாக்கணும், எங்கியோ லீக்கு கீது என்று கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

இரண்டு மணிக்குக் கைகால் கழுவும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. வால்வின் ரப்பர் வளையம் பழுதாகித் திரும்பி வந்த ஏழு சிலிண்டருக்கும் புது வளையம் போட்டுத் தானே உள்ளே தள்ளிவிட்டதாகத் துலுக்காணம் பெருமையாகச் சொன்னான். ஆறு காலி, ஒன்றில் மட்டும் ரெண்டரை கிலோ இருந்தது, அதைக் கொட்டாமல் காப்பாற்றிவிட்டேன், கம்பெனி எனக்கு மெடல் குத்தணும் என்றான்.

மோசஸ் சோப்புக் கையோடு நின்றான்.

"அதுமேல இன்னா எழுதின?"

"எடைதான்."

"இன்னா எடை?"

"தராசுல வெச்சேன். பதினெட்டு தொள்ளாயிரம் காமிச்சுது. அதான் எழுதினேன். எங்க கொட்டாயில அதான நைனா எழுதுவோம்? கிரெடிட்டுக்கு."

வரவுக் கொட்டகையில் சாக்பீஸ் எண் என்றால் உள்ளே இருப்பதோடு சேர்ந்த எடை. அடைக்கிற கொட்டகையில் சாக்பீஸ் எண் என்றால் வெறும் எடை. நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி இங்கே வந்தவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மோசஸும் சொல்லவில்லை.

அவனுக்கு அந்தச் சிலிண்டர் ஞாபகம் வந்தது. பதினெட்டு தொள்ளாயிரம் என்பதைப் பார்த்து, கனமான ஜாதி என்று நினைத்துக் கல்லை நகர்த்தியிருந்தான். குனியவில்லை. பதினைந்து கிலோ இருக்க வேண்டிய இடத்தில் பதினேழரை கிலோ உள்ளே போயிருக்கிறது. சிலிண்டரில் மேல்பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விட்டுத்தான் அடைப்பார்கள். வெயில் பட்டால் உள்ளே தண்ணீராக இருக்கிற கேஸ் உப்பும், உப்ப இடம் வேண்டும். இதில் இடமே இல்லை. கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. ஓங்கோல் பக்கத்திலிருந்து வந்த டேங்கர் டிரைவர் ஒருவர், இப்படி ஒன்று வெடித்த வீட்டைப் பார்த்த கதையை ஒருமுறை சொல்லியிருந்தார். சுவர் வெளியே விழுந்திருந்தது, சோற்றுப்பானை மட்டும் அடுப்பிலேயே இருந்தது என்றார். அந்தப் பானைதான் மோசஸின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது.

ரிஜிஸ்டரில் 18.9 என்று எழுதியிருந்த வரியின் சிலிண்டர் நம்பரைப் பார்த்தான். 40716. காலை எட்டு மணி லாரியில் திருநின்றவூர் டீலருக்குப் போயிருந்தது.

சூப்பர்வைசர் சுப்பராயன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அன்றைய கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். தொட்டியிலிருந்து இறங்கியது ஏழாயிரத்து இருநூறு கிலோ, சிலிண்டரில் ஏறியது ஏழாயிரத்து இருநூறு கிலோ. மோசஸ் விஷயத்தைத் துலுக்காணத்தின் பெயர் வராமல் சொன்னான். சுப்பராயன் முழுக்கக் கேட்டார். பேனாவை மூடினார்.

"டன்னேஜ் டேலி ஆவுது. ஒரு கிலோ கூட முன்னப்பின்ன இல்ல. இதுல எங்கடா ரெண்டரை கிலோ எக்ஸ்ட்ரா?"

அந்த இரண்டரை கிலோ முன்பே உள்ளே இருந்தது, தொட்டி மீட்டரில் வராது என்று மோசஸ் திரும்பவும் சொன்னான்.

"புரியுதுடா. எனக்கும் புரியுது." சுப்பராயன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணை வாபஸ் வாங்கணும்னா மெட்ராஸ் ஆபீசுக்கு எழுதணும். லாரி வாடகை யாரு குடுப்பா, உன் மாமனாரா? எழுதினா யாரு அடைச்சான்னு கேப்பாங்க. உனுக்கு எத்தினி நாள் ஆச்சு?"

"இருநூத்தி முப்பத்தொண்ணு சார்."

"அப்ப ஊட்டுக்குப் போ."

திரும்பவும் பேனாவைத் திறந்தார். அவர் மிரட்டினாரா, நல்லது சொன்னாரா என்று வெளியே வந்த பிறகும் மோசஸுக்குத் தெரியவில்லை. துலுக்காணம் கேட்டுக்கு வெளியே காத்திருந்தான். கிண்டலெல்லாம் போய் முகம் வற்றியிருந்தது. நானும் வரேன் நைனா என்றான். அவனுக்கு நூற்றுத் தொண்ணூறு நாள் ஆகியிருந்தது, போன மாதம்தான் பிள்ளை பிறந்திருந்தது. இரண்டு பேர் போய் நின்றால் கேள்வி வரும், நீ போய்ப் படு என்று மோசஸ் அவனை அனுப்பினான்.

பெரியபாளையம் போய், அங்கே திருநின்றவூர் பஸ்ஸுக்கு மாறினான். பஸ்ஸில் உட்கார்ந்தால் இடுப்பு கொன்றது, நின்றால் முழங்கால் மடங்கியது. ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அந்தக் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். கம்பி இவ்வளவு சுட்டால் அது எவ்வளவு சுடும் என்று நினைத்தான். நிழலில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வீட்டுக்குள்ளேதானே வைப்பார்கள்.

டீலர் துளசிராமன் கடை ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது. வெடித்திருந்தால் இங்கேயே கூட்டம் நிற்கும். கூட்டம் இல்லை. மோசஸ் மூச்சு விட்டு, 40716-க்கு ரப்பர் வளையம் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து அனுப்பினார்கள் என்றான். துளசிராமன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வளையத்தைப் பார்க்க ஆள் அனுப்பத் தெரிகிறது, கிரெடிட் நோட்டு அனுப்பத் தெரியவில்லையா என்று ஆரம்பித்தார். போன மாதத்து ரெசிடுவல் எட்டு கிலோவுக்கே இன்னும் வரவில்லையாம். இந்த வாரம் வேறு ரெண்டரை கிலோ திருப்பியிருக்கிறாராம். அந்த ரெண்டரை கிலோதான் இது என்று மோசஸுக்குத் தெரிந்தது. மேலே சொல்கிறேன் சார் என்று தலையாட்டினான். துளசிராமன் நோட்டைப் புரட்டி, 40716-ஐ கூட்ஸ் ரயில் கார்டு ஒருவர் வீட்டில் பதினொரு மணிக்கே இறக்கியாகிவிட்டது என்றார்.

கூட்ஸ் கார்டு டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி லட்சுமியம்மாள் மட்டும் இருந்தாள். ஐம்பது வயசு, கனத்த உடம்பு, கண்ணாடி போட்டிருந்தாள். மோசஸ் வாசலில் நின்றே, வளையம் பார்க்க வந்திருக்கிறேன், சிலிண்டர் எங்கே என்று கேட்டான்.

"பின்னால கீது. உள்ள வெக்கிறதுக்கு எனுக்குப் பயம்பா. அது இன்னிக்கோ நாளைக்கோ வெடிச்சிடும்னு எங்க ஊட்டுக்காரர் கிட்ட சொல்லி, செவுத்துல ஓட்டை போட்டு ட்யூபை மட்டும் உள்ள வுட்டிருக்கேன்."

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். மேற்குப் பார்த்த சுவர். நிழல் என்று பெயருக்கு ஒரு முருங்கை. பழைய சிலிண்டர் ட்யூபோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிது, மதியம் முழுவதும் வெயில் வாங்கி, இரண்டாவது கோட்டு பெயின்டு பளபளக்க நின்றுகொண்டிருந்தது. தோளில் துலுக்காணத்தின் எழுத்து இன்னும் அழியவில்லை. 18.9.

உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. இரண்டு கோணிப்பையைக் கேட்டு வாங்கி, நனைத்து, சிலிண்டரின்மேல் போர்த்தினான். சொம்பு சொம்பாக ஊற்றினான். கோணியிலிருந்து ஆவி வந்தது. வேகமாக ஊற்றவும் பயம், மெதுவாக ஊற்றவும் பயம். அதன் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு, ஓடுவதானால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தோன்றவில்லை. லட்சுமியம்மாள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளையம் பார்க்க வந்தவன் எதற்குக் குளிப்பாட்டுகிறான் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒன்று கேட்டாள்.

"ஏம்பா. வெடிச்சிடுமா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அடுப்ப அணைங்கம்மா," என்றான். "கொஞ்சம் சாஸ்தி அடைச்சிட்டேன். நான்தான் அடைச்சேன். எடுத்தும்போயி குறைச்சி எடுத்தாறேன்."

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. டெபாசிட் நூறு ரூபாய் கட்டியிருக்கிறேன், யாரென்று தெரியாதவன் தூக்கிக்கொண்டு போனால் அவருக்கு நான் என்ன சொல்வேன் என்றாள். எதையாவது வைத்துவிட்டுப் போ. மோசஸிடம் பஸ் காசு ஒரு ரூபாய் இருபது பைசா இருந்தது. அரைஞாணில் கட்டியிருந்த பித்தளை டோக்கனை அவிழ்த்துக் கொடுத்தான். அதில் கம்பெனி பெயரும் அவன் நம்பரும் இருந்தது. அது இல்லாமல் காலையில் கேட்டுக்குள் விட மாட்டார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஈரக்கோணியைச் சுற்றி, தோளில் ஏற்றினான். முப்பத்து நாலு கிலோ. சாதாரணமாக இதெல்லாம் ஒரு எடையில்லை. அன்று ஒவ்வொரு அடிக்கும் இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பு ஓடியது. காதுக்குப் பக்கத்திலேயே இரும்பு. உள்ளே ஏதோ சத்தம் கேட்பதுபோல இருந்தது. அது தன் காதின் ரத்தம்தான் என்று தெரிந்தும் நடை தடுமாறியது. தெருவில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்து எதிர்ப்பக்கம் போனான்.

ஊருக்கு வெளியே இருந்த ஏரி வற்றிப்போய்த் தரை வெடித்துக் கிடந்தது. ரயில்பாதைக்குக் கிட்டே மண் சமமாக இருந்தாலும் அங்கே இறக்கவில்லை. கரி எஞ்சின் போனால் நெருப்புப் பொறி பறக்கும். இன்னும் இரண்டு பர்லாங் உள்ளே நடந்து நடு ஏரியில் இறக்கினான். மண்ணைக் கிள்ளிப் போட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். அரக்கோணம் போகிற பாசஞ்சர் கடந்து போகும்வரை காத்திருந்தான். பிறகு காற்றுக்கு முதுகு காட்டி நின்று வால்வை மெல்லத் திறந்தான்.

சீறிக்கொண்டு வந்தது. மேலே இடமில்லாததால் காற்றாக வராமல் தண்ணீராகவே வந்து, வெள்ளைப் புகையாகித் தரையில் விழுந்தது. கேஸ் மேலே போகாது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். வெடிப்புகளில் இறங்கிப் படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வால்வைப் பிடித்த விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயின.

அப்போதுதான் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒருவன் காற்று போகிற பக்கத்திலிருந்து வந்தான். எழுபது, எண்பது அடி இருக்கும். புகையைப் பார்த்து நின்று, காதிலிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தான். மடியில் தீப்பெட்டியைத் துழாவினான். மோசஸ் வால்வை மூடினான். கத்தினான், சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். அந்த ஆள் அதை வணக்கம் என்று நினைத்தானோ என்னவோ, தானும் ஒரு கையைத் தூக்கினான். தீப்பெட்டி அந்தக் கையில் இருந்தது. மோசஸ் தரையோடு படர்ந்த நாற்றத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவன் கையைப் பிடித்து, பேசாமல் தீப்பெட்டியைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டான். எருமைக்காரன் அடிக்க வந்தான். இன்னா பேஜாருடா உன்னோட, ஒரு பீடி குடிக்கத் துப்பில்லாத ஊராயிடுச்சா இது என்று திட்டினான். மோசஸ் அவனைத் தள்ளிக்கொண்டே கரைவரை கூட்டிப்போய்த்தான் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

திரும்பி வந்து மறுபடியும் திறந்தான். எவ்வளவு போனது என்று பார்க்கத் தராசு இல்லை. கேஸ் போகப் போகச் சிலிண்டர் குளிர்ந்து, உள்ளே எந்த மட்டம்வரை இருக்கிறதோ அந்த மட்டம்வரை வெளியே வேர்க்கும். வேர்வைக்கோடு தோளிலிருந்து ஒரு சாண் இறங்கியபோதே போதும் என்று அவன் கைக்குத் தெரிந்தது. கை மூடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டான். ஏரிக்கரை நிழல் அவன் காலடிக்கு வந்த பிறகுதான் மூடினான்.

லட்சுமியம்மாள் தெருமுனையிலேயே நின்றிருந்தாள். வீட்டுக்குப் போக விடவில்லை. முனையில் இருந்த விறகுக்கடைத் தராசில் வை என்றாள். கூட்ஸ் கார்டு மனைவி, வேகன்களில் எழுதியிருக்கிற டேரைப் படித்துப் பழகியவள். தராசு இருபத்தேழு நானூறு காட்டியது. அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். கண்ணாடியை மேலே தள்ளி, வளையத்தைப் பெருவிரலால் தேய்த்து, வெட்டியிருந்த எண்ணைப் படித்தாள்.

"பதினாறு நானூறு. அப்ப உள்ள பதினொண்ணுதான் கீது. நான் பதினஞ்சுக்குக் காசு குடுத்தேன்."

மோசஸ் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் அதைச் செய்திருந்தால் போதும். இந்த அம்மாளுக்கும் முழங்கால் வலி இருக்கும்.

உயிர் பிழைத்தது பெரிசுதான், இல்லையென்று சொல்லவில்லை, அதற்காக நாலு கிலோவை நான் ஏன் விட வேண்டும் என்றாள். டீலரிடம் சொல்கிறேன், அவர் கம்பெனிக்கு எழுதட்டும் என்றாள்.

"எழுதாதீங்கம்மா. ஒம்போது நாள் பொறுங்க. கூலி வாங்கி நானே குடுத்துட்றேன். அந்த டோக்கனும் குடுத்துடுங்க, அது இல்லாங்காட்டி நாளைக்கு என்னைய உள்ள வுட மாட்டாங்க."

அவள் விறகுக்கடைக்காரரிடம் ஒரு துண்டுச்சீட்டு வாங்கி எழுதினாள். நாலு கிலோ கேஸ், ஏழு ரூபாய் பாக்கி, தேதி. மோசஸ் மரத்த விரலால் கையெழுத்துப் போட்டான். டோக்கன் கைக்கு வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்தச் சீட்டைப் பற்றிய பயத்திலேயே போனது. எட்டு மணி லாரி திருநின்றவூரிலிருந்து திரும்பி வரும்போது டிரைவர் கையில் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பான். சுப்பராயன் ஒன்றும் கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். மோசஸ் இப்போது ஒவ்வொரு வளையத்துக்கும் குனிந்தான். உற்பத்தி நானூற்றுப் பத்துக்கு இறங்கியது. அந்தக் கொட்டகையிலேயே நின்றுவிட்ட துலுக்காணம் வளையத்தை ரெண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுதினான், பேச்சு அடியோடு நின்றுவிட்டது. வீட்டுச் சுவரில் கிரேஸின் கரிக்கோடு ஏறிக்கொண்டே போனது.

இருநூற்று முப்பத்தாறாவது நாள் காலை கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினோரு பேர் பெயர். வேலை குறைவு, மறு அறிவிப்பு வரை வர வேண்டாம். வாட்ச்மேன் டோக்கன்களை ஒரு டப்பாவில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். திருநின்றவூரிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. பதினோரு பேரும் இருநூற்று முப்பதைத் தாண்டியவர்கள், அவ்வளவுதான். போன வருஷமும் இப்படித்தான் ஒட்டினார்கள், உனக்குத் தெரியாதா என்று வாட்ச்மேன் கேட்டார்.

மோசஸ் டோக்கனை டப்பாவில் போட்டான். அது மற்றவற்றின்மேல் விழுந்த சத்தம் கேட்டது.

வேலை நின்ற நாளில் கொடுத்த கூலி அரிசிக்கடைக்குப் போனது. அதன்பிறகு செங்கல் சூளையில் கிரேஸோடு சேர்ந்து மண் மிதித்தான். லட்சுமியம்மாள் எழுதவே இல்லை, ஒன்பது நாள் ஆகியும் எழுதவில்லை, மழை வந்தும் எழுதவில்லை. அந்தச் சீட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. அவளுக்கு மோசஸ் தர வேண்டியது நாலு கிலோ கேஸ், ஏழு ரூபாய்.